செய்யாத குற்றத்துக்குச் சிறை: விடுவிப்பும் அதன் பிறகான வாழ்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவறாகத் தண்டிக்கப்பட்டதாகச் சொல்லும் கைதிகளின் கடிதங்களைப் படித்து, அவர்களின் வழக்குக் கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தரும் தன்னார்வ வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த மேசையில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. "எப்படி வெளியே கொண்டுவருவது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "வந்த மறுநாள் என்ன செய்வார்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அதனால் அந்த மறுநாளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நிரபராதிகள் தண்டிக்கப்படுவது உண்மையிலேயே நடக்கிறதா? எங்கோ ஒன்றிரண்டு இல்லையா?

ஒன்றிரண்டு இல்லை. அமெரிக்காவில் 1989 முதல் இப்படி விடுவிக்கப்பட்டவர்களை ஒரு தேசியப் பதிவேடு கணக்கெடுத்து வருகிறது. அதில் 3,500 பேருக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்கள் சிறையில் இழந்ததை எல்லாம் கூட்டினால் 30,000 ஆண்டுகளைத் தாண்டுகிறது. மரண தண்டனை பெற்றவர்களில் குறைந்தது நூற்றுக்கு நான்கு பேர் நிரபராதிகளாக இருக்கக்கூடும் என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

இவை கண்டுபிடிக்கப்பட்ட வழக்குகள் மட்டும். கணக்கெடுக்கவே ஆளில்லாத நாடுகளில் என்ன நிலை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கண்ணால் கண்டவர் சாட்சி சொல்லியிருக்கிறாரே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

நிறைய வேண்டும். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று நிரூபணமான முதல் 375 பேரின் வழக்குகளில், நூற்றுக்கு 69 வழக்குகளில் யாரோ ஒருவர் ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருந்தார். அவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. தாங்கள் பார்த்தது அவரைத்தான் என்று மனதார நம்பினார்கள்.

ரொனால்ட் காட்டன் வழக்கைப் பாருங்கள். 1984-ல் வட கரோலினாவில் ஜெனிஃபர் தாம்சன் என்ற மாணவி வல்லுறவுக்கு ஆளானார். அந்த நேரத்திலேயே அவன் முகத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ள முயன்றவர் அவர். முதலில் புகைப்பட வரிசையில் காட்டனைக் காட்டினார். பிறகு ஆட்களை நேரில் நிறுத்தியபோதும் காட்டனையே காட்டினார். இரண்டு வரிசையிலும் இருந்த ஒரே முகம் காட்டனுடையது. புகைப்படத்தில் பார்த்த முகமே நினைவில் உட்கார்ந்துகொண்டது. பின்னர் உண்மையான குற்றவாளியையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த காட்டன், மரபணுச் சோதனையால் 1995-ல் வெளியே வந்தார். பிறகு அந்த இருவரும் சேர்ந்தே அடையாள அணிவகுப்பு முறையை மாற்றச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார்கள்.

கேட்டது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யார் என்று தெரிந்திருக்கக் கூடாது. ஒரு பார்வை, ஒரு "ம்", "நன்றாகப் பாருங்கள்" என்ற ஒரு சொல் போதும், சாட்சியின் நினைவு சாய்ந்துவிடும்.

செய்யாத குற்றத்தை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? நானாக இருந்தால் உயிரே போனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். மேலே சொன்ன 375 பேரில் நூற்றுக்கு 29 பேரின் வழக்குகளில் பொய்யான ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது.

ஜப்பானில் இவாவோ ஹகமதா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரரை 1966-ல் நான்கு பேர் கொலை வழக்கில் கைது செய்தார்கள். மூன்று வாரம் போல, நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் விசாரணை. கடைசியில் ஒப்புக்கொண்டார், பிறகு நீதிமன்றத்தில் மறுத்தார். நியூயார்க்கில் 1989-ல் ஐந்து சிறுவர்கள், 14 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள், மணிக்கணக்கான விசாரணைக்குப் பின் ஒரு வல்லுறவு வழக்கில் சிக்க வைக்கப்பட்டார்கள். உண்மைக் குற்றவாளி தானே முன்வந்து சொல்லி, மரபணுவும் ஒத்துப்போன பிறகு 2002-ல் தீர்ப்பு ரத்தானது.

களைப்பு, பயம், "ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்" என்ற வார்த்தை. அந்த அறையில் இருப்பவருக்கு நாளைய தூக்குக் கயிற்றை விட இன்றைய தூக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது. விசாரணையை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். ஒப்புக்கொண்ட கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பதிவு செய்வது பதிவே செய்யாததை விட ஆபத்தானது.

தவறு நடந்திருந்தால் மேல்முறையீட்டில் தெரிந்திருக்குமே?

மேல்முறையீடு பெரும்பாலும் விசாரணை சட்டப்படி நடந்ததா என்றுதான் பார்க்கிறது. சாட்சி ஆளை மாற்றிச் சொன்னார், நிபுணர் தவறாகச் சொன்னார் என்பவை அந்தக் காகிதங்களில் தெரியாது.

நிபுணர் என்றதும் சாலி கிளார்க் நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தில் வழக்கறிஞராக இருந்தவர். கைக்குழந்தைகள் இரண்டும் அடுத்தடுத்து இறந்தன. 1999-ல் தாயையே கொலைகாரி என்றார்கள். ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று ஒரு குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். இரண்டு மரணங்களுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டு 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கிய கணக்கு அது. அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று அந்நாட்டின் அரச புள்ளியியல் கழகமே அறிக்கை விட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே முதல் மேல்முறையீடு தோற்றிருந்தது. ஒரு குழந்தையின் கிருமிச் சோதனை முடிவுகள் மறைக்கப்பட்டிருந்தது தெரியவந்த பிறகுதான் 2003-ல் விடுதலை. நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

அப்படியென்றால் ஒரு பழைய வழக்கை எங்கிருந்து தொடங்குவது?

காகிதத்திலிருந்து. புலன்விசாரணை அதிகாரியின் குறிப்புகள், சாட்சிகளின் முதல் வாக்குமூலம், பிறகு மாறிய வாக்குமூலம், தடயவியல் அறிக்கை, குறுக்கு விசாரணை என ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். கைதியின் கடிதத்தில் பாதிப் பதில் இருக்கும். ஒருவர் தம் தீர்ப்பு நகலின் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்பியிருந்தார். வேறு தாள் கிடைக்கவில்லையாம். ஓரங்களில் கூட இடம் விடாமல் பொடி எழுத்து. பதினோராம் பக்கத்தில் ஒரு சாட்சியின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, "இவர் அன்று ஊரிலேயே இல்லை" என்று ஒரு வரி. அதுபோன்ற ஒரு வரியைத் தேடிப் பிடித்து மெய்யா என்று பார்ப்பதுதான் முதல் ஆறு மாத வேலை.

அடுத்தது சான்றுப் பொருட்கள். அவை அழிக்கப்படுவதற்கு முன் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள். கிர்க் பிளட்ஸ்வர்த்தை மேரிலாந்தில் ஒரு சிறுமியின் கொலைக்காக 1985-ல் தண்டித்தார்கள். ஐந்து பேர் அவரை அடையாளம் காட்டியிருந்தார்கள். அவரைக் காப்பாற்றிய துணி, நீதிபதியின் அறை அலமாரியில் ஒரு காகிதப் பையில் கிடந்தது. யாராவது அலமாரியைச் சுத்தம் செய்திருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1993-ல் அவர் விடுதலையானார். மரண தண்டனை பெற்று மரபணுவால் விடுவிக்கப்பட்ட முதல் அமெரிக்கர். உண்மைக் குற்றவாளி பத்தாண்டு கழித்து அடையாளம் தெரிந்தபோது, இருவரும் ஒரே சிறையில் இருந்தவர்கள் என்பதும் தெரிந்தது.

மரபணுத் தடயமே இல்லாத வழக்கு என்றால் நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரின் வழக்கில் மரபணுவுக்கு வேலையே இல்லை. சில வழக்குகளில் குற்றமே நடந்திருக்காது. பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களை நடத்தியவர்கள் 900 பேருக்கு மேல், கணினி மென்பொருள் காட்டிய தப்பான கணக்கை நம்பித் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். பணம் எங்கேயும் போகவில்லை, மென்பொருள்தான் பிழை. கடைசியில் 2024-ல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஆண்டுகள். பல வழக்குகளில் பத்தாண்டுகளுக்கு மேல். குடும்பத்திடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். "சீக்கிரம் ஆகிவிடும்" என்று ஆறுதலுக்காகச் சொல்வது பின்னால் பெரிய காயமாகிவிடுகிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தால் பரோல், அதாவது தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு விடுதலை, கிடைக்குமாம். ஒப்புக்கொள்ளலாமா?

இதற்கு வெளியிலிருந்து யாரும் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆண்ட்ரூ மால்கின்சன் இங்கிலாந்தில் ஏழாண்டு போல இருந்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மறுத்ததால் பதினேழு ஆண்டுகள் உள்ளே இருந்தார். 2023-ல் அவர் தண்டனை ரத்தானது. வேறொருவரின் மரபணு தடயத்தில் இருப்பது 2007-லேயே அதிகாரிகளுக்குத் தெரியும் என்பது பின்னர் வெளிவந்தது. அதே நேரம், நோயாளித் தாயைப் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு வெளியே வருபவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். குறை அப்படியொரு பேரத்தை அவர் முன் வைக்கும் விதியில் இருக்கிறது.

கருணை மனுவில் விடுதலையானாலும் விடுதலைதானே?

கதவு திறப்பதில் வித்தியாசம் இல்லை, பெயரில் இருக்கிறது. மன்னிப்பு என்பது செய்த குற்றத்தை மன்னிப்பது. தண்டனையை ரத்து செய்தால்தான் குற்றப் பதிவு போகும், பெரும்பாலான நாடுகளில் இழப்பீட்டுக்கும் வழி பிறக்கும். அவசரத்துக்கு மன்னிப்பை ஏற்றுக்கொண்டாலும் ரத்துக்கான மனுவைக் கைவிடாதீர்கள்.

வெளியே வரும் நாளுக்கு என்ன தயாராக இருக்க வேண்டும்?

பூமாலையும் கேமராவும் தானாக வந்துவிடும். வராதவை இவை: அன்றிரவு தூங்க ஓர் இடம், அடையாள அட்டை, அவர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், ஒரு மாதத்துக்கான கைச்செலவு.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கொடுமை உண்டு. தண்டனையின் ஒரு பகுதியை அனுபவித்துப் பரோலில் வருபவருக்குப் பல நாடுகளில் கண்காணிப்பு அதிகாரி, தங்குமிட உதவி, வேலைப் பயிற்சி எல்லாம் உண்டு. நிரபராதி என்று வெளியே வருபவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. "நீங்கள்தான் குற்றவாளி இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். லூசியானாவில் கிளென் ஃபோர்ட் முப்பது ஆண்டு போல மரண தண்டனைக் கைதியாக இருந்துவிட்டு 2014-ல் வெளியே வந்தபோது அவர் கையில் கொடுத்தது 20 டாலர் இருந்த ஓர் அட்டை. அடுத்த ஆண்டே புற்றுநோயில் இறந்தார். இழப்பீடு மறுக்கப்பட்டது. அவருக்கு மரண தண்டனை வாங்கித் தந்த அரசு வழக்கறிஞரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார் என்பது மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது.

முதல் வாரத்திலேயே முழு மருத்துவப் பரிசோதனை செய்துவிடுங்கள். பல், கண், இரத்த அழுத்தம் என்று உள்ளே கவனிக்காமல் விட்டவை ஏராளமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் பேச மறுக்கிறார், இரவில் தூங்குவதில்லை. நாங்கள் ஏதாவது தப்பு செய்கிறோமா?

இல்லை. கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவர் ஏட்ரியன் கிரவுண்ட்ஸ் இப்படி வெளியே வந்தவர்களைப் பரிசோதித்து 2004-ல் எழுதினார். போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களிடம் காணும் மனக்காயத்தையும், ஆளே மாறிப்போனதாக வீட்டார் சொல்லும் மாற்றத்தையும் அவர்களிடம் கண்டார்.

ஹகமதாவை 2014-ல் மறுவிசாரணைக்காக வெளியே விட்டார்கள். அக்கா ஹிதெகோவுடன் வாழ்ந்தார். வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மணிக்கணக்கில் நடந்துகொண்டே இருப்பார். அக்கா தடுக்கவில்லை. தம்பி எப்படி இருக்க விரும்புகிறானோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டார். தம்பிக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் போராடியவர் அவர். 2024 செப்டம்பரில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தபோது ஹகமதாவுக்கு வயது 88. நீதிமன்றத்துக்கு வரும் நிலையில் அவர் இல்லை. அக்காதான் போய்க் கேட்டுவந்தார்.

அந்த அக்காவை விட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. நடைமுறையில் சொன்னால்: பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். கூட்டமான விருந்துக்கு முதல் மாதம் கூட்டிப்போகாதீர்கள். கதவு முன்னால் போய் நின்று யாராவது திறப்பார்கள் என்று காத்திருந்தால், அவசரப்படுத்தாதீர்கள். பல ஆண்டுகளாக ஒரு கதவைக் கூட அவர் கையால் திறந்ததில்லை. "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பத்து வகை சொல்வதை விட "இதுவா, அதுவா?" என்று இரண்டு சொல்லுங்கள். தெரிவு செய்வதே அவருக்கு மறந்துபோன வேலை. உள்ளே நடந்ததைப் பற்றி அவராகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அப்பாவைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் இவர் புதியவர்தான். அந்தப் பிள்ளைக்கும் தனியாக ஓர் ஆலோசகர் தேவைப்படலாம்.

இழப்பீடு தானாக வந்துவிடுமா?

வராது. தவறான தீர்ப்புக்கு ஆளானவருக்குச் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும் என்று ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை 1966-லேயே சொல்லிவிட்டது. நாட்டுக்கு நாடு நடப்பது வேறு. அமெரிக்க மத்திய அரசின் சட்டம் சிறையில் கழிந்த ஓர் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை, மரண தண்டனைக் கைதியாக இருந்திருந்தால் 1,00,000 டாலர் வரை தருகிறது. டெக்சாஸ் ஆண்டுக்கு 80,000 டாலர் தருகிறது. வேறு சில மாநிலங்களில் சட்டமே இல்லை. ஜப்பான் ஹகமதாவுக்கு 21.7 கோடி யென் கொடுத்தது. நாளொன்றுக்கு 12,500 யென் என்ற உச்சவரம்புக் கணக்கு. இந்தியாவில் விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டுகள் சிறையில் கிடந்த ருதுல் சாவுக்கு ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாய் போக, மேலும் 30,000 ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1983-ல் உத்தரவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று அங்கே சட்ட ஆணையம் 2018-ல் பரிந்துரைத்தது.

பிரிட்டனில் நடந்த ஒன்றை மட்டும் என்னால் ஆறவே முடியவில்லை. இழப்பீட்டுத் தொகையிலிருந்து, சிறையில் இருந்த காலத்தில் மிச்சமான சாப்பாட்டுச் செலவு, வாடகை என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் விதி அங்கே இருந்தது. மால்கின்சன் விடுதலைக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில், 2023 ஆகஸ்டில்தான் அதை எடுத்தார்கள்.

மனுவுக்குக் காலக்கெடு இருக்கும். தீர்ப்பு ரத்தான அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறைச் சான்று, மருத்துவப் பதிவு, கைதுக்கு முந்தைய சம்பள ரசீது, குடும்பம் வழக்குக்காக வாங்கிய கடன் பத்திரம் எல்லாம் உதவும்.

பெரிய தொகை வந்துவிட்டால் பிறகு கவலை இல்லைதானே?

புதுக் கவலை வரும். முப்பது ஆண்டுகள் கையில் காசே பிடிக்காதவரிடம் திடீரென்று உறவுகள் முளைக்கும். மாதாமாதம் வரும்படி அமைத்துக்கொள்வது நல்லது. ஆனால் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று பணத்தை நாம் பிடுங்கி வைத்துக்கொண்டால் அது இன்னொரு சிறை. சிலர் அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிப் பருவத்தில் கைதாகிப் பதினாறு ஆண்டுகள் உள்ளே இருந்த ஜெஃப்ரி டெஸ்கோவிக், இழப்பீட்டில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, சட்டமும் படித்து, இப்போது மற்றவர்களுக்காக வாதாடுகிறார்.

நான் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறேன். வேலை கொடுக்க ஆசை, தயக்கமும் இருக்கிறது.

கொடுங்கள். பின்னணிச் சோதனையில் பழைய தண்டனை இன்னும் தெரிந்தால் நீதிமன்ற உத்தரவின் நகலைக் கேளுங்கள், அது போதும். கணினி, செல்பேசி, வங்கிச் செயலி மூன்றையும் கற்றுத்தர ஒருவரைப் போடுங்கள். நீதிமன்றத்துக்கும் மருத்துவருக்கும் போக மாதம் சில நாள் விடுப்புத் தேவைப்படும், முன்கூட்டியே பேசிவிடுங்கள். மற்ற ஊழியர்களிடம் அவர் கதையை நீங்கள் சொல்லாதீர்கள்.

குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கதி என்ன? அவர்களை யாராவது நினைக்கிறார்களா?

நினைக்கத்தான் வேண்டும். ஒருமுறை அழுது முடித்த துக்கத்தை மறுபடி தோண்டுகிறோம். அதோடு "உங்கள் பிள்ளையைக் கொன்றவன் இவ்வளவு நாள் வெளியே இருந்தான்" என்றும் சொல்கிறோம். தொலைக்காட்சியில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. முன்னதாக ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஜெனிஃபர் தாம்சன் பின்னாளில் தொடங்கிய அமைப்பு, விடுதலையானவர்களையும் பாதிக்கப்பட்டவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைக்கிறது.

உள்ளேயே இறந்துவிட்டவருக்காக இனிப் போராடி என்ன?

டெக்சாஸில் டிமதி கோல் 1999-ல் சிறையிலேயே இறந்தார். மரபணு அவரை விடுவித்தது அதற்குப் பத்தாண்டு கழித்து. அந்த மாநிலத்தின் இழப்பீட்டுச் சட்டம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அவர் தாய்க்கு அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டது.

நான் வழக்கறிஞர் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

தட்டச்சு செய்யலாம். கையெழுத்துச் சாட்சியங்களை வரி விடாமல் கணினியில் ஏற்ற ஆள் தேவை. மருத்துவர், கணித ஆசிரியர், மென்பொருள் தெரிந்தவர் என்றால் நிபுணர் அறிக்கைகளைப் படித்துச் சந்தேகம் எழுப்புங்கள். சாலி கிளார்க் வழக்கில் பிழையைச் சுட்டியவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். வண்டி இருந்தால் தூரத்துச் சிறைக்குப் பார்க்கப் போகும் குடும்பத்தை மாதம் ஒருமுறை கூட்டிப்போங்கள்.

எதுவும் முடியாவிட்டால் கடிதம் எழுதுங்கள். ஒரு வழக்கை எங்களால் எடுக்க முடியாது என்று முடிவானாலும், அவருக்குப் பதில் போக வேண்டும். தீர்ப்பு நகலின் பின்பக்கத்தில் எழுதினாரே, அவருக்கு நாங்கள் முதலில் அனுப்பியது ஒரு கட்டு வெள்ளைத் தாள், தபால் தலை ஒட்டிய உறைகள், "பதினோராம் பக்கம் படித்தோம், அந்தச் சாட்சியைத் தேடுகிறோம்" என்று மூன்று வரி.